இனி அந்தத் தோட்டத்துத் திராட்சை வராது: கடைசி ஒயின் பாட்டில்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்ஹோசேக்கு அருகில் குடியிருக்கிறேன். மாதம் ஒரு முறை ஏழெட்டு தமிழ் நண்பர்கள் ஒன்றுகூடி ஒயின் சுவைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குப் பிடித்த ஓர் ஒயின் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் ஆண்டுதோறும் வாங்கி வந்த ஒரு தோட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அங்கிருந்து திராட்சை வருவது அந்த அறுவடையோடு முடிகிறது என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து நண்பர்கள் கேட்டவையும், நானே தேடித் தெரிந்துகொண்டவையும் இங்கே இருக்கின்றன. உதாரணங்கள் எல்லாம் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. நான் அருகிலிருந்து பார்த்த ஊர் அதுதான்.

தோட்டமும் ஒயின் ஆலையும் வேறு வேறா? ஆலைக்காரர்தானே திராட்சையும் பயிரிடுகிறார்?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். கலிஃபோர்னியாவில் மிக நல்ல ஒயின் செய்யும் பலருக்குச் சொந்தமாக ஓர் ஏக்கர் நிலம்கூடக் கிடையாது. விவசாயியிடம் டன் கணக்கில் திராட்சை வாங்கி, வாடகைக் கட்டடத்தில் புளிக்கவைத்து, பீப்பாயில் வைத்து, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒரு டன் திராட்சையில் சுமார் 60 பெட்டி, அதாவது 720 பாட்டில் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற ஒயின் பள்ளத்தாக்கான நாப்பாவில் ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு டன்னின் விலையை நூறால் வகுத்தால் பாட்டிலின் விலை வர வேண்டும். டன் 4,000 டாலர் என்றால் பாட்டில் 40 டாலர்.

விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவில் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டும்தான். சில இடங்களில் அதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் வெறும் வாய்ப்பேச்சில் ஓடியிருக்கும். பாட்டிலின் மேல் தோட்டத்தின் பெயர் போட வேண்டுமானால் உள்ளே இருப்பதில் 95 சதவீதம் அந்தத் தோட்டத்துத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே வரவு நின்றதும் பெயரும் போய்விடும். ஆலை அப்படியே இருக்கும், ஒயின் செய்பவரும் அவரே, ஆனால் அந்த ஒயினை இனி யாரும் செய்ய முடியாது.

எதனால் திராட்சை வருவது நிற்கிறது?

தோட்டக்காரருக்குத் தன் பெயரிலேயே ஒயின் செய்யும் ஆசை வருவது முதல் காரணம். ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கின் ரோக்கியோலி தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் டேவிஸ் பைனம் என்ற ஆலைக்காரர் அந்தத் தோட்டத்துப் பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சையைத் தனி ஒயினாகச் செய்தார். அதே தோட்டத்துத் திராட்சையில் வில்லியம்ஸ் செல்யம் ஆலை செய்த 1985 பினோ நுவார், 1987-இல் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் சிவப்பு ஒயின்களுக்கான உயர்ந்த பரிசை வென்றது. பிறருடைய பாட்டிலில் தன் நிலத்தின் பெயர் இப்படிப் புகழ்பெறும்போது, நல்ல வரிசைகளைத் தனக்கென்று வைத்துக்கொள்ள எந்த விவசாயிக்கும் தோன்றும். ரோக்கியோலி குடும்பமும் தன் பெயரிலேயே ஒயின் செய்யத் தொடங்கியது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வெயிலிலும் குளிரிலும் கொடியோடு நின்றவருக்கு உரியதுதான் அது.

கூட்டு உடைவதும் உண்டு. சாந்தா பார்பரா பக்கத்தில் ரிச்சர்ட் சான்ஃபோர்டும் மைக்கேல் பெனடிக்டும் 1971-இல் சேர்ந்து நட்ட தோட்டத்துக்கு இருவர் பெயரும் உண்டு: சான்ஃபோர்ட் அண்ட் பெனடிக்ட். முதல் ஒயின் 1976 அறுவடையிலிருந்து வந்தது. 1980-இல் இருவரும் பிரிந்தார்கள். சான்ஃபோர்ட் அடுத்த ஆண்டு தன் பெயரில் தனி ஆலை தொடங்கினார். தன் கையால் நட்ட தோட்டம் அவரிடம் இல்லை. 1990-இல் தோட்டத்தைப் புதியவர்கள் வாங்கிய பிறகு, அதைப் பராமரிக்கும் பொறுப்போடு திராட்சையும் மறுபடி அவரிடம் வந்தது. 2005-இல் அவர் தன் பெயரிலிருந்த ஆலையையே விட்டு வெளியேறி ஆல்மா ரோஸா என்ற புதிய ஆலையைத் தொடங்கினார். ஒரே மனிதர், தான் நட்ட கொடிகளை இரண்டு முறை விட்டு விலகியிருக்கிறார். அந்தத் தோட்டத்தின் பெயருள்ள பாட்டிலை நான் எப்போது கையில் எடுத்தாலும் இது நினைவுக்கு வருகிறது.

பூச்சியும் நோயும் வேறு. ஃபிலாக்ஸரா என்பது வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும், அசுவினிக்கு உறவான மிகச் சிறிய பூச்சி. அதற்குத் தாக்குப்பிடிக்கும் என்று நம்பி ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி நாப்பா முழுவதும் நட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை 1980-களில் பொய்த்துப்போனது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி நட வேண்டியதாயிற்று. ஹைட்ஸ் ஆலை 1966 முதல் தனியாகச் செய்து வந்த புகழ்பெற்ற மார்த்தாஸ் வைன்யார்ட் தோட்டத்துக் கேபர்னே (ஒரு சிவப்புத் திராட்சை வகை) 1993 முதல் 1995 வரை வரவே இல்லை. கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டிருந்தார்கள்.

மற்றவை சுருக்கமாக: நிலம் கைமாறுவது, ஆலை பெரிய நிறுவனத்துக்குப் போய்ச் சிறிய தோட்டங்களைக் கழித்துவிடுவது, விலை ஒத்துவராதது, காட்டுத்தீயின் புகை (2020-இல் நாப்பாவில் பலர் சிவப்பு ஒயினே செய்யவில்லை). இப்போது ஒயின் குடிப்பவர்கள் குறைந்து, வாங்க ஆளில்லாமல் நல்ல கொடிகளையும் பிடுங்குகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் காரணம் இந்தக் கடைசி ஒன்றுதான்.

ஒரே தோட்டம் பல கைகளுக்கு மாறிய கதை ஒன்றை முழுதாகச் சொல்ல முடியுமா?

ஐஸ்லி தோட்டத்தின் கதையைச் சொல்கிறேன். நாப்பாவின் வடகோடியில், கலிஸ்டோகா ஊரின் கிழக்கே, பாலிசேட்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஓடை அடித்துக்கொண்டுவந்த கூழாங்கற்கள் நிறைந்த மண். 1880-களிலேயே அங்கே திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். கேபர்னே சோவின்யோன் 1964-இல் வந்தது. 1969-இல் மில்ட், பார்பரா ஐஸ்லி தம்பதியர் நிலத்தை வாங்கினார்கள். அவர்கள் திராட்சை விற்பவர்கள், ஒயின் செய்பவர்கள் இல்லை.

1971 அறுவடையை வாங்கியது ரிட்ஜ் ஆலை. அங்கே ஒயின் செய்த பால் டிரேப்பர் அதைத் தனியாகப் புளிக்கவைத்துத் தோட்டத்தின் பெயரோடு வெளியிட்டார். ரிட்ஜ் எங்கே இருக்கிறது தெரியுமா? குப்பர்டினோவுக்கு மேலே, மாண்டி பெல்லோ மலைமுகட்டில். கீழே நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் அலுவலகங்கள் தெரியும். 1974-இல் கான் கிரீக் ஆலை செய்தது. 1975 முதல் ஜோசஃப் ஃபெல்ப்ஸ் ஆலை செய்தது. அந்த முதல் ஒயினைச் செய்தவர் வால்டர் ஷூக். ஃபெல்ப்ஸின் ஐஸ்லி பாட்டில்கள்தான் அந்த மண்ணை உலகுக்கு அறிமுகம் செய்தவை.

1990-இல் பார்ட், டாஃப்னி அராவ்ஹோ தம்பதியர் தோட்டத்தை வாங்கினார்கள். தங்கள் பெயரில் ஒயின் செய்வதே அவர்கள் எண்ணம். 1991 அறுவடையில் ஒரு பகுதி ஃபெல்ப்ஸுக்குப் போனது, மீதியில் அராவ்ஹோ தன் முதல் ஒயினைச் செய்தது. ஃபெல்ப்ஸுக்கு அதுவே கடைசி. 2013-இல் அராவ்ஹோவும் விற்றார்கள். வாங்கியது பிரான்சின் போர்தோ பகுதியில் ஷாட்டோ லத்தூர் என்ற புகழ்பெற்ற ஒயின் ஆலையை வைத்திருக்கும் பிரெஞ்சுக் குழுமமான ஆர்ட்டெமிஸ். 2016-இல் ஆலையின் பெயரையே ஐஸ்லி வைன்யார்ட் என்று மாற்றினார்கள். திராட்சை விற்ற குடும்பத்தின் பெயர்தான் இத்தனை கைகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது.

அதே தோட்டம், வேறு ஆலை. சுவை ஒன்றாகத்தானே இருக்கும்?

கால்வாசி ஆம். மண், வெயில், காற்று, கொடியின் வயது எல்லாம் தோட்டத்திலிருந்து வருபவை. எந்த நாளில் பறிப்பது, தோலோடு எத்தனை நாள் ஊறவிடுவது, எத்தனை புதிய பீப்பாய், அவை பிரெஞ்சு ஓக் மரமா அமெரிக்க ஓக் மரமா என்பதெல்லாம் ஆலையின் கை. பத்து நாள் தள்ளிப் பறித்தால் அதே கொடி வேறு பழத்தைத் தருகிறது. சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், ஒயினில் ஆல்கஹால் கூடும்.

ஆனாலும் சில தோட்டங்களின் முகம் மறைவதில்லை. மார்த்தாஸ் வைன்யார்ட் ஒயினில் வரும் புதினா, தைல மணம் அப்படிப்பட்டது. தோட்டத்தின் ஓரமாக வளர்ந்திருக்கும் தைல மரங்களைத்தான் பலர் காரணம் காட்டுகிறார்கள்.

எங்கள் குழுவில் ஒரு முறை, ஒரே தோட்டத்தின் இரண்டு ஒயின்களைப் பெயர் தெரியாமல் தாளில் சுற்றி வைத்தோம். ஒன்று பழைய ஆலையின் கடைசி ஆண்டு, மற்றொன்று புதிய ஆலையின் மூன்றாம் ஆண்டு. பழையது மெலிந்து, செங்கல் நிறத்தில், காய்ந்த ஆரஞ்சுத் தோல் மணத்தோடு இருந்தது. புதியது கறுத்து, தடித்து, வெல்லப்பாகு போல நாவில் ஒட்டியது. தோட்டம் ஒன்றே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து, சமையலறைக்குப் போய்த் திரும்பிவந்த ஒரு நண்பர் இரண்டு கிண்ணங்களையும் மறுபடி முகர்ந்துவிட்டு, "இரண்டிலும் அடியில் கொத்தமல்லி விதை வறுத்த வாசம் இருக்கிறது" என்றார். எல்லோரும் முகர்ந்தோம். இருந்தது. அதன் பிறகு அந்த வாசத்தை விட்டு எங்களால் நகர முடியவில்லை. பழைய பாட்டில் இருக்கும்போதே புதிய கையின் பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாகக் குடித்தால் இது கிடைக்காது.

தோட்டமே அழிந்துவிட்டால்?

அப்போது பாட்டில் மட்டும்தான் மீதி. நாங்கள் குடியிருக்கும் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் பழத்தோட்டமும் திராட்சைத் தோட்டமுமாக இருந்த இடம். அல்மடேன் என்ற பெயர் இன்று சான்ஹோசேயில் வீடுகளுக்கும் சாலைக்கும் அடையாளம். பழைய ஒயின் பிரியர்களுக்கு அது ஒரு திராட்சைத் தோட்டத்தின் பெயர். வடக்கே கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் ஆன்டியாக், ஓக்லி ஊர்களின் மணலில் நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. ஃபிலாக்ஸரா மணலில் பெருகாது என்பதால் ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள். பந்தல் இல்லை, கம்பி இல்லை. ஒவ்வொன்றும் குட்டையான முறுக்கிய கட்டை. சுற்றிலும் வீடுகள். ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இத்தகைய தோட்டங்களைப் பதிவு செய்வதற்காகவே 2011-இல் ஹிஸ்டாரிக் வைன்யார்ட் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நட்டு ஐம்பது ஆண்டாவது ஆன, இன்று காய்க்கும் கொடிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு முதலில் நட்டவையாகவே இருக்கும் தோட்டங்களை அவர்கள் பட்டியலிடுகிறார்கள். பிடுங்குவதை அது தடுத்துவிடாது. ஆனால் யாருக்கும் தெரியாமல் பிடுங்குவது கடினமாகிறது.

பிடுங்கி மறுபடி நட்ட தோட்டத்தை நான் அழிந்த தோட்டமாகவும் எண்ணுவதில்லை, பழைய தோட்டமாகவும் எண்ணுவதில்லை. மண் அதேதான். கொடி சிறுபிள்ளை. மறுநடவுக்கு முந்தைய ஆண்டு பாட்டில்களைத் தனியாகவே மதிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பாட்டிலை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

தோட்டம் நின்றுபோனதால் ஒயினின் ஆயுள் கூடிவிடாது. நண்பர்கள் அதிகமாகத் தவறு செய்வது இங்கேதான்.

ஜின்ஃபாண்டல் என்ற சிவப்புத் திராட்சையில் செய்த ஒயின் என்றால் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் நல்ல நிலையில் இருக்கும். பழைய கொடியும் தேர்ந்த கையும் சேர்ந்தால் பதினைந்து, சில நேரம் இருபது. நல்ல பினோ நுவார் எட்டு முதல் பதினைந்து. நாப்பா கேபர்னே, நல்ல ஆண்டு, நல்ல சேமிப்பு என்றால் இருபதிலிருந்து நாற்பது வரை போகும். இவை அளவுகோல் மட்டுமே. உங்கள் பாட்டில் எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது என்பதே பெரிய காரணம்.

நான் இழந்த ஒரு பாட்டிலைச் சொல்கிறேன். நாப்பாவுக்குப் பக்கத்தில் சொனோமாவில் பிடுங்கப்பட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஜின்ஃபாண்டல் மூன்று பாட்டில் என்னிடம் இருந்தது. முதல் இரண்டையும் எட்டாம், ஒன்பதாம் ஆண்டில் திறந்தோம். காட்டு நாவல் பழமும் மிளகும் கலந்த மணம், அறை முழுவதும். மூன்றாவது கடைசி என்பதால் வைத்துவிட்டேன். மகளின் பட்டமளிப்பு வரட்டும் என்றேன், பிறகு புது வீடு என்றேன். பதினெட்டாம் ஆண்டில் திறந்தபோது பழம் போய்விட்டது. நீர்த்த புளித்தண்ணீரும் ஆல்கஹாலின் சூடும் மட்டும். அந்தத் தோட்டம் எனக்குக் கடைசியாகச் சொல்லியிருக்க வேண்டியதை நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அப்படியானால் கடைசி பாட்டிலை எப்போது திறப்பது?

கடைசிக்கு முந்தைய பாட்டில் நன்றாக இருந்ததா? அப்படியானால் அடுத்த ஓராண்டுக்குள். ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது என்றால், மேலே சொன்ன காலத்தின் முதல் பாதியில் திறந்துவிடுங்கள். கொஞ்சம் இளமையாக இருந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கும். பெரிய நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரிய நாளில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், ஒயினை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு சாதாரண சனிக்கிழமை மாலை, அந்தத் தோட்டத்தின் பெயர் தெரிந்த நான்கு பேர் போதும்.

திறக்கும் முறை என்ன?

இரண்டு நாள் முன்பே பாட்டிலை நேராக நிறுத்திவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் துவர்ப்புச் சத்தும் நிறமும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, மண்டியாக இறங்கியிருக்கும். அது தீங்கானதில்லை, ஆனால் கசக்கும், ஒயினைக் கலக்கிவிடும்.

பழைய தக்கை பாதியில் முறிவது சகஜம். எனக்கு அது பலமுறை நடந்திருக்கிறது. சாதாரணத் திருகாணி பழைய தக்கையின் நடுவைத் துளைத்து மாவாக்கிவிடும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இறக்கித் திருகி எடுக்கும் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கும், அது நல்லது. அவசரம் கூடாது. தகட்டை ஒரு பக்கம் இறக்கி, மறுபக்கம் இறக்கி, மாறி மாறி அழுத்தி, கடைசியில் திருப்பியபடியே மேலே இழுக்க வேண்டும். முறிந்து உள்ளே விழுந்தாலும் கவலைப்பட வேண்டாம். மெல்லிய வடிகட்டி போதும்.

அடுத்தது இறுத்தல். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த அதே தெளியவைத்து இறுத்தல்தான். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு கைவிளக்கை எரியவிட்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக வேறு கண்ணாடிக் கூசாவில் ஊற்றுங்கள். விளக்கொளியில் கழுத்து வழியே ஒயின் தெளிந்த மாணிக்கச் சிவப்பாக ஓடும். முடியும் தறுவாயில் புகைபோல ஒரு கோடு கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும். அதைக் கண்டவுடன் நிறுத்திவிடுங்கள். இரண்டு விரற்கடை ஒயின் பாட்டிலில் தங்கும், தங்கட்டும்.

மிகவும் முதிர்ந்த ஒயினை மணிக்கணக்கில் காற்றில் வைக்காதீர்கள். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டது என்றால் இறுத்தவுடனே குடிக்கத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிடத்தில் மூடிய பெட்டியின் வாடை வரலாம். விலகிவிடும். பிறகு ஒரு மணி நேரம் விரியும், அதற்குப் பிறகு சரியும். அந்த ஒரு மணி நேரம் தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

கெட்டுப்போனதை எப்படி அறிவது?

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு வாடை என்றால் தக்கை நெடி, அது விலகாது. காடி வாசம் வந்தால் முடிந்தது. பழுப்பு நிறம் மட்டும் கெட்டதற்கு அடையாளம் ஆகாது. காளான், சருகு, தோல், புகையிலை, காய்ந்த அத்திப்பழம் எல்லாம் நல்ல முதுமையின் மணங்கள். புதிதாகப் பழகுபவர்கள் இவற்றைக் கெட்ட வாடை என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டுவதற்கு முன் இருபது நிமிடம் பொறுங்கள்.

தக்கையை எடுக்காமலே ஊசி வழியாக எடுக்கும் கருவியால் கடைசி பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாமா?

கோராவின் என்ற அந்தக் கருவி ஆர்கான் வாயுவைச் செலுத்தி ஒயினை எடுக்கிறது. இளைய ஒயினுக்கு நன்றாக வேலை செய்கிறது. காய்ந்துபோன பழைய தக்கையை நம்பி நான் செய்யமாட்டேன். துளை சரியாக மூடிக்கொள்ளாமல் போகலாம். தவிர, இந்த ஒயின் ஒரே மாலையில் மாறி மாறிப் பேசுவதைக் கேட்பதற்காகத்தானே வைத்திருந்தோம்?

நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகுமா?

இளைய ஜின்ஃபாண்டல் மட்டன் சுக்காவையே தாங்கும். முதிர்ந்த ஒயின் தாங்காது. மிளகாய்க் காரம் நாவை எரித்தால், அந்த மெல்லிய மணங்களில் பாதியை இழந்துவிடுவீர்கள். புளியும் வேண்டாம். எங்கள் வீட்டில் முதிர்ந்த பினோவுக்கு நெய்யில் வதக்கிய காளான், உப்பும் ஒன்றிரண்டாக இடித்த மிளகும் மட்டும் சேர்த்தது. முதிர்ந்த கேபர்னேக்கு மிளகாய் போடாமல் மெதுவாக வேகவைத்த ஆட்டுக்கால் இறைச்சி. சோறு, பருப்பு, ரசம் எல்லாம் ஒயின் தீர்ந்த பிறகு.

சென்னையில் இருக்கும் அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

கொண்டுபோகலாம். இந்தியச் சுங்க விதிப்படி ஒருவர் இரண்டு லிட்டர் வரை தீர்வையின்றி எடுத்துச் செல்லலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு. பயணத்தில் மண்டி கலங்கியிருக்கும். பாட்டிலை ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியில் நேராக நிறுத்தி, குடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள். ஆனால் அண்ணன் அதை அலமாரியில் வைத்துப் பாதுகாப்பார் என்றால் கொடுக்காதீர்கள். ஒயினுக்குச் சீரான 13 டிகிரி செல்சியஸ் வேண்டும். சென்னையின் ஒரு மே மாதம் போதும், இருபது ஆண்டு காத்த ஒயினை வேகவைத்துவிட. போனவுடன் இருவரும் உட்கார்ந்து குடித்துவிடுங்கள். இங்கேயும் கார் நிறுத்தும் கொட்டகையில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆகஸ்ட் மாதம் அங்கே ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள், பிறகு நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

ஏலத்தில் வாங்கலாமா? கடைசி ஆண்டு என்று விலை கூட்டிச் சொல்கிறார்களே?

வாங்கும் முன் ஒயினின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்துக்குள் இருந்தால் நல்லது. தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை கசிந்திருக்கிறது. முன்பு யாரிடம் இருந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். "கடைசி ஆண்டு" என்பதற்காக மட்டும் கூடுதல் விலை தராதீர்கள். ஒரு தோட்டத்தின் கடைசி ஆண்டு அதன் சிறந்த ஆண்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிடுங்கப்போகும் கொடிக்கு யாரும் முன்போல் உழைப்பதில்லை. அதற்கு இரண்டு மூன்று ஆண்டு முந்தையதைத் தேடுங்கள்.

தோட்டம் போனபின் ஆலையைத் தொடர்வதா, தோட்டத்தைத் தொடர்வதா?

முடிந்தால் இரண்டையும். ஒன்றுதான் முடியும் என்றால் நான் தோட்டத்தின் பின்னால் போவேன். ஆலைக்கு வேறு திராட்சை கிடைத்துவிடும். தோட்டத்துக்கு வாங்குபவர் இல்லையென்றால் டிராக்டர் வந்துவிடும். நல்ல முடிவும் உண்டு. ரிட்ஜ் 1972 முதல் திராட்சை வாங்கிவந்த லிட்டன் ஸ்பிரிங்ஸ் தோட்டத்தை 1990-களில் தானே விலைக்கு வாங்கிவிட்டது. அந்தப் பழைய கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

தோட்டக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஆண்டு ஒயினை எப்போது குடித்தீர்கள், எப்படி இருந்தது என்று நாலு வரி போதும். தன் திராட்சை இருபது ஆண்டு கழித்து எப்படியிருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஆட்கள் குறைவு. நான் எழுதிய ஒருவர் பதிலாகக் கேட்டது ஒரே கேள்வி: ஒயினில் புளிப்பு இன்னும் இருக்கிறதா? அந்த ஆண்டு ஒரு வாரம் முன்னதாகப் பறிக்கச் சொல்லி ஆலைக்காரரோடு வாதாடியிருந்தாராம். இருக்கிறது என்று எழுதினேன்.

காலியான பாட்டிலை என்ன செய்வது?

பாட்டிலுக்குள் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பசை இளகும். ஒரு மெல்லிய கத்தியால் ஓரத்தைத் தூக்கி, முகப்புச்சீட்டைக் கிழியாமல் உரித்து எடுங்கள். நான் அதை ஒரு கோடு போடாத நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி, உடனிருந்தவர்கள், என்ன மணம் வந்தது, தோட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதிவைக்கிறேன். சில பக்கங்களில் கடைசி வரி "வீடுகள்" என்றிருக்கும். சிலவற்றில் "புது நடவு, 2 வயது" என்று இருக்கும்.